ஒன்பதாம் வகுப்பு மகளுக்குத் திங்கள்கிழமைதோறும் வயிற்றுவலி: கிளாஸ் லீடர் வேலையை விடச் சொல்லவா, தலைமைப் பண்பு முகாமுக்கு அனுப்பவா?

ஊசிநூல் (ராஜபாளையம்) எழுதியது:

வணக்கம். இத்தனை நாளும் இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டோடு தையல் கடை வைத்திருக்கிறேன். ஜாக்கெட், சுடிதார், பள்ளிச் சீருடை எல்லாம் தைப்பேன். வீட்டுக்காரருக்கு நூற்பாலையில் ஷிஃப்ட் வேலை. ஒரே மகள், ஒன்பதாம் வகுப்பு. ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரமே அவளைக் கிளாஸ் லீடர் ஆக்கினார்கள். அன்று சாயங்காலம் பேட்ஜைக் கழற்றாமல் கடைக்குள் வந்து, அளவு கொடுக்க வந்திருந்தவர்கள் எல்லாரிடமும் காட்டினாள். நானும் அல்வா வாங்கிக் கொடுத்தேன்.

வயிற்றுவலி ஆகஸ்ட்டில் தொடங்கியது. திங்கள் காலையில் மட்டும் வரும். டாக்டரிடம் காட்டி, ஸ்கேனும் பார்த்தாயிற்று. ஒன்றும் இல்லை என்றார். ஆனால் டிபன் பாக்ஸில் தயிர்சாதம் பாதி திரும்பி வருகிறது. நகம் கடித்துக் கடித்து விரல் நுனியெல்லாம் சிவந்து கிடக்கிறது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு நான் தையல் மெஷினை மூடி வைக்கும்போதும் விழித்துத்தான் இருக்கிறாள்.

போன வாரம் அவளுடைய ரஃப் நோட்டு கையில் கிடைத்தது. கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு மூன்று பத்தி: ‘பேசியவர்கள்’, ‘அடங்காதவர்கள்’, ‘மிகவும் அடங்காதவர்கள்’. நாம் படித்த காலத்திலும் இருந்ததுதான், எனக்குச் சிரிப்புகூட வந்தது. அப்புறம் மூன்றாவது பத்தியைப் பார்த்தேன். எல்.கே.ஜி.யிலிருந்து அவளோடு ஒரே பெஞ்சில் உட்காரும் பிள்ளையின் பெயர். எழுதி, அடித்து, மறுபடியும் எழுதி, பேனா முனையில் தாளே கிழிந்திருந்தது.

கேட்டதும் எல்லாம் வெளியே வந்தது. டீச்சர் ஸ்டாஃப் ரூமுக்குப் போனால் இவள் போர்டு பக்கத்தில் நிற்க வேண்டும். பெயர் எழுதினால் அந்தப் பிள்ளைகள் வராண்டாவில் முட்டி போட வேண்டும். எழுதாவிட்டால் இவளுக்குத் திட்டு. எழுதி எழுதி இப்போது இவளை விட்டுவிட்டு வேறு வாட்ஸ்அப் குழு தொடங்கிவிட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய் நிற்கிறாளாம், தனியாகச் சாப்பிடுவது தெரியக் கூடாதென்று.

இந்த நேரத்தில் ஒரு நோட்டீஸ் வந்திருக்கிறது. ஒரு தனியார் நிறுவனம் மூன்று நாள் முகாம் நடத்துகிறதாம். ‘தலைமைப் பண்பும் மைண்ட்ஃபுல்னெஸ்ஸும்’. 2,500 ரூபாய். டி-ஷர்ட், சான்றிதழ் உண்டு. லீடர்கள் கட்டாயம் வர வேண்டும் என்கிறார் வகுப்பாசிரியை. வீட்டுக்காரர், “முகாமும் வேண்டாம், லீடரும் வேண்டாம், எழுதிக் கொடுத்துடு” என்கிறார். எனக்கு மனசு வரவில்லை. நான் படித்த பத்து வருஷமும் கடைசி பெஞ்ச். சாக்பீஸைக் கையால் தொட்டதில்லை. என் ஆசைக்காக அவளைக் கஷ்டப்படுத்துகிறேனா என்றும் தோன்றுகிறது. மூன்று நாளில் இதெல்லாம் சரியாகுமா? அனுப்பியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

---

மலைக்கோட்டை:

லீடர் என்றால் நாலு பேர் பகைக்கத்தான் செய்வார்கள். இதற்கெல்லாம் ஸ்கேன் எடுத்தால் நாளைக்கு வேலைக்குப் போய் எப்படித் தாங்குவாள்? நாங்கள் எல்லாம் அடி வாங்கித்தான் வளர்ந்தோம். அனுப்புங்கள், தைரியம் வரும்.

---

பழைய பி.டி. வாத்தியார்:

மலைக்கோட்டைத் தம்பி, அடி வாங்கி வளர்ந்தவர்களை எனக்கும் தெரியும். அடித்தவர்களில் நானும் ஒருத்தன். அதைப் பற்றிப் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

அம்மா, முப்பத்திரண்டு வருஷம் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்தேன். சாரணர் படையும் பார்த்தேன். பதினான்கு வருஷம் என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) திட்ட அலுவலர் வேலையும் சேர்த்து. அந்தக் கணக்கில் சொல்கிறேன், கேளுங்கள்.

உங்கள் மகளுக்குக் கொடுத்திருப்பது லீடர் வேலையே இல்லை. அது காவல்காரர் வேலை. அதுவும் டீச்சர் செய்ய வேண்டிய காவலைச் சம்பளம் இல்லாமல் பதினான்கு வயசுப் பிள்ளை செய்கிறது. அதிகாரம் அவளிடம் இல்லை, பழி மட்டும் அவள் தலையில். இப்படி ஒரு வேலையை எனக்குக் கொடுத்தாலும் திங்கள்கிழமை வயிறு வலிக்கும்.

சாரணர் இயக்கத்தில் இந்தக் கோளாறு வராமல் ஒரு ஏற்பாடு இருக்கிறது. 1907இல் அந்த இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் முதல் சோதனை முகாம் போட்டபோது இருபது பையன்கள்தான் இருந்தார்கள். வசதியான வீட்டுப் பிள்ளைகளும் உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகளும் கலந்து. அந்த இருபது பேரையும் ஒரே தலைவன் கையில் கொடுக்கவில்லை. நான்கு அணியாகப் பிரித்து, அணிக்கு ஒரு தலைவன் வைத்தார். இன்றைக்கும் ஆறு முதல் எட்டுப் பேர்தான் ஓர் அணி. அந்த வயசுப் பிள்ளையால் அத்தனை பேருடைய முகத்தைத்தான் பார்த்துக்கொள்ள முடியும். யாருக்குக் காலில் கொப்புளம், யார் சாப்பிடவில்லை என்பதெல்லாம் எட்டுப் பேர் என்றால் தெரியும். ஐம்பது பேருக்கு ஒரு லீடர் என்றால் பெயரைத்தான் எழுத முடியும்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். என்.எஸ்.எஸ். சிறப்பு முகாம், ஏழு நாள், ஒரு கண்மாய்க்கரைக் கிராமம். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஐம்பது பேர். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தங்கி, பகலில் கருவேலம் வெட்டினோம். இரண்டாம் நாள் ராத்திரி ஒருத்தன் போர்வைக்குள் அழுகிறான். வீட்டை விட்டு ஒருநாள்கூட வெளியே தங்காத பையன். வாயும் கொஞ்சம் திக்கும். மற்றவர்கள் கேலி செய்கிறார்கள். திருப்பி அனுப்பிவிடலாமா என்றுதான் முதலில் யோசித்தேன். அப்புறம் என்ன தோன்றியதோ, என் எவரெடி டார்ச்சை அவன் கையில் கொடுத்து, “காலையில நாலரைக்குச் சமையல் டீமை நீ எழுப்பி விடணும். அந்த லிஸ்ட்டும் இனி உன் பொறுப்பு” என்றேன்.

மறுநாள் எழுப்பிவிட்டான். அதற்கு மறுநாள் பார்த்தால் அடுப்படியில் ஆறு பேருக்குப் பதில் நாலு பேர்தான் நிற்கிறார்கள். எனக்குக் கோபம். “எங்கேடா ரெண்டு பேர்?” “சா... சார், அவங்க ரெண்டு பேரும் நேத்து ராத்திரி பதினொரு மணி வரைக்கும் அண்டா கழுவுனாங்க. அரை மணி நேரம் கழிச்சு எழுப்பலாம்னு விட்டுட்டேன். அவங்க வர்ற வரைக்கும் நான் வெங்காயம் உரிக்கிறேன்.”

முப்பத்திரண்டு வருஷத்தில் நான் எத்தனையோ மேடைப் பேச்சுத் தலைவர்களைப் பார்த்துவிட்டேன். அவர்களில் ஒருத்தன் முகமும் நினைவில் இல்லை. உரித்த வெங்காயத் தோலோடு நின்ற இவன் முகம் இருக்கிறது. யார் களைத்திருக்கிறார்கள் என்று அவனுக்குக் கண்ணில் பட்டது பாருங்கள், அதைக் கற்றுக்கொடுக்கிற முகாம் என்றால் அனுப்புங்கள். மேடையில் ஏற்றி “நான் ஒரு தலைவன்” என்று கத்த வைக்கிற முகாம் என்றால் 2,500 ரூபாய்க்கு அவளுக்கு நல்ல சைக்கிள் டயரும் ஒரு மாசத்துக்கு வாழைப்பழமும் வாங்கலாம்.

---

சிறுவாணி (மனநல ஆலோசகர், கோவை):

வாத்தியார் ஐயா தலைமைப் பக்கத்தைச் சொல்லிவிட்டார். நான் நோட்டீஸில் இருக்கிற இன்னொரு சொல்லுக்கு வருகிறேன்.

அதற்கு முன் ஒன்று. வயிற்றுவலி நடிப்பு இல்லை. ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றால் வலியே இல்லை என்று பொருள் இல்லை. பதற்றம் வந்தால் குடலும் இறுகும், பசியும் போகும். “ஒண்ணுமில்லைன்னு டாக்டரே சொல்லிட்டாரே” என்று அவளிடம் சொல்லாதீர்கள். “வலிக்குதுன்னு தெரியுது” என்பது போதும்.

மைண்ட்ஃபுல்னெஸ் என்றால் இந்த நொடியில் நடப்பதை அப்படியே கவனித்துக்கொண்டிருக்கும் பயிற்சி. அந்தப் பெயரில் இன்று பாடமாக விற்கப்படுவதில் பெரும்பகுதி, 1979இல் ஜான் கபட்-ஜின் என்பவர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் தீராத வலியோடு வந்த பெரியவர்களுக்காகத் தொடங்கிய பயிற்சியிலிருந்து வந்தது. அவர் பௌத்தத் தியானத்திலிருந்து எடுத்துக்கொண்டார். அந்தப் பெரியவர்கள் தாங்களாகத் தேடி வந்தவர்கள், தினமும் வீட்டில் உட்கார்ந்து செய்தவர்கள். அதையே வகுப்பில் எல்லாப் பிள்ளைக்கும் கட்டாயமாகக் கொடுத்தால் என்ன ஆகும் என்று பிரிட்டனில் பெரிய அளவில் பார்த்தார்கள். 85 பள்ளிகள், எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள். 2022இல் முடிவு வந்தது. வழக்கமான வாழ்க்கைத்திறன் வகுப்பைவிட இது கூடுதலாக உதவவில்லை. ஏற்கெனவே மனச்சுமையோடு இருந்த சில பிள்ளைகளுக்கு நிலைமை சற்று மோசமானதற்கான அறிகுறிகூட இருந்தது. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் அதைச் செய்யவே இல்லை என்பதும் தெரிந்தது. வகுப்பு முடிந்ததும் மூடி வைக்க அது இன்னொரு பாடம், அவ்வளவுதான்.

இதைச் சொல்வது, பயனே இல்லை என்பதற்காக இல்லை. நானே பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறேன். ஆனால் “கண்ணை மூடு, மனசைக் காலியாக்கு” என்று சொல்ல மாட்டேன். பயந்துபோன பிள்ளை கண்ணை மூடினால், உள்ளே ஓடுவது அந்த வாட்ஸ்அப் குழுதான். கண் திறந்தே இருக்கட்டும். மூச்சை இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கட்டும். மூன்று எண்ணி இழுத்தால் ஐந்து எண்ணி விடலாம். மூச்சை மெதுவாக விடும்போது இதயத்துடிப்பு தானாகத் தணியும். போர்டு பக்கத்தில் நிற்கும்போதும் யாருக்கும் தெரியாமல் செய்யலாம்.

இன்னொன்று, உங்கள் கடையிலேயே இருக்கிறது. ஜாக்கெட்டுக்கு ஹூக் வைப்பதை அவளிடம் கொடுத்துப் பாருங்கள். சாயங்காலம் கால் மணி நேரம், உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து. போன் வேறு அறையில். ஊசி முனை எங்கே இறங்குகிறது, நூல் எவ்வளவு இறுகுகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய வேலை. கவனம் கொஞ்சம் விலகினாலும் விரலில் குத்தித் திரும்பக் கூப்பிட்டுவிடும்! அப்போது நீங்கள் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கக் கூடாது. இதுதான் கஷ்டமான பகுதி. பிள்ளைகள் முகம் பார்த்துப் பேசுவதைவிட, கை வேலையாக இருக்கும்போது பக்கவாட்டில் உட்கார்ந்து பேசுவதுதான் அதிகம்.

தூக்கம்: 13 முதல் 18 வயதுவரை எட்டிலிருந்து பத்து மணி நேரம் வேண்டும். அந்த வயதில் தூக்கம் பிந்தி வருவது உடம்பின் இயல்பு, சோம்பல் இல்லை. ஆனால் பன்னிரண்டு மணிவரை உங்கள் மெஷின் சத்தமும் கேட்கிறதே, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பிடித்ததையெல்லாம் விட்டு ஒதுங்கினாலோ, சாப்பாடும் தூக்கமும் இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே கெட்டுக்கொண்டு போனாலோ, நேரில் ஒரு மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். “நான் இல்லாம இருந்தா நல்லது” என்பது போல ஒரு வார்த்தை வந்தால் ஒருநாளும் காத்திருக்க வேண்டாம். 14416, டெலி-மானஸ். மத்திய அரசு 2022இல் தொடங்கிய இலவச எண், ராப்பகலாக இயங்குகிறது, தமிழிலும் பேசுவார்கள். நீங்களே கூப்பிட்டும் கேட்கலாம்.

---

மலைக்கோட்டை:

முட்டி போட வைப்பதைக் கவனிக்காமல் எழுதிவிட்டேன். அது தப்புதான். மற்றபடி என் கருத்தில் மாற்றமில்லை.

---

முன்னாள் எஸ்.பி.எல்.:

அக்கா, நான் இப்போது காலேஜ் இரண்டாம் வருஷம். பிளஸ் டூவில் எங்கள் பெண்கள் பள்ளிக்கு நான்தான் எஸ்.பி.எல்., அதாவது பள்ளி மாணவர் தலைவி. அசெம்பிளியில் ஆயிரத்துச் சொச்சம் பேருக்கு முன்னால் “ஸ்கூல், அட்டென்ஷன்!” சொல்கிற ஆள். பார்க்கிறவர்களுக்கு என்ன தைரியம் என்று தோன்றும். எனக்கு உள்ளங்கை வேர்த்து மைக் வழுக்கும். அப்போது யாரும் மூச்சுப் பயிற்சியெல்லாம் சொல்லித்தரவில்லை. கொடிக்கம்பம் குளிர்ச்சியாக இருக்கும், அதில் முதுகை லேசாகச் சாய்த்து அந்தக் குளிர்ச்சியை மட்டும் நினைத்துக்கொள்வேன். அது ஒரு வித்தை என்பதே இங்கே படித்தபிறகுதான் தெரிகிறது.

உங்கள் மகளுக்கு நடந்தது எட்டாம் வகுப்பில் எனக்கும் நடந்தது. எங்கள் அம்மா செய்த இரண்டு தப்பை மட்டும் நீங்கள் செய்ய வேண்டாம். ஒன்று, மற்ற அம்மாக்களுக்குப் போன் போட்டு “ஏன் என் பிள்ளையைச் சேர்க்கல” என்று கேட்டது. சேர்த்தார்கள். அதன்பிறகு அந்தக் குழுவில் யாரும் எதுவும் பேசவில்லை, இன்னொரு குழுவில் பேசினார்கள். இரண்டாவது, என்னிடம் கேட்காமலே லீடர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தது. பேட்ஜை டீச்சர் எல்லார் முன்னாலும் கழற்றி அடுத்தவளுக்குக் குத்தினார். பெயர் எழுதியதுகூட மறந்துவிட்டது அக்கா. அது மறக்கவில்லை.

அவளைக் கேளுங்கள். விடுகிறாயா, வேலையை மாற்றிக் கேட்கலாமா என்று. மாற்றிக் கேட்கலாம் என்பதே அவளுக்குத் தெரிந்திருக்காது. எனக்கு ஒன்பதாம் வகுப்பில் வந்த கணக்கு மிஸ் ஒன்று செய்தார்கள். இரண்டு லீடர், வாரம் மாற்றி வாரம். பெயர் எழுதுவது கிடையாது, வராதவர்கள் கணக்கு மட்டும். யார் வரவில்லையோ அவர்களுக்கு அன்றைய நோட்ஸ் போய்ச் சேர வேண்டும், அது லீடர் பொறுப்பு. எனக்கு அந்த வருஷம்தான் திரும்ப ஃப்ரெண்ட்ஸ் கிடைத்தார்கள்.

டீச்சரிடம் போகும்போது குறை சொல்லும் குரலில் போக வேண்டாம். அவர்களுக்கும் ஐம்பது பிள்ளைகள், ஆன்லைன் பதிவேடு, அது இது என்று ஆயிரம் வேலை.

---

பழைய பி.டி. வாத்தியார்:

இந்தப் பிள்ளை சொன்னதைக் கேளுங்கள் அம்மா. நான் ஒரு பக்கம் எழுதியதை இவள் நாலு வரியில் சொல்லிவிட்டாள்.

---

ஊசிநூல் (ராஜபாளையம்):

மூன்று வாரம் கழித்து வருகிறேன். தீபாவளித் துணி நேரம், தலை நிமிர முடியவில்லை. எல்லாருக்கும் நன்றி.

முதலில் அவளைக் கேட்டேன். எஸ்.பி.எல். தங்கச்சி சொன்ன மாதிரியே, “மாத்திக் கேக்கலாமாம்மா?” என்றாள். நேரில் போனேன். டீச்சர் என்னைவிட வயசில் சின்னவர். பேசப் பேச அவருக்கும் கண் கலங்கிவிட்டது. ஸ்டாஃப் ரூமுக்குப் போவது டீ குடிக்க இல்லை, பதிவேற்றும் வேலைக்காம். இப்போது இரண்டு லீடர், வாரம் மாற்றி வாரம். பெயர் எழுதுவது முழுசாக நிற்கவில்லை, பொய் சொல்வானேன். ஆனால் முட்டி போடுவது இல்லை. வராதவர்களுக்கு நோட்ஸ் கொண்டுபோவது என் மகள் பொறுப்பு.

அந்த வேலையில் ஒன்று கண்டுபிடித்திருக்கிறாள். ஒரு பிள்ளை செவ்வாய்க்கிழமை மட்டும் வருவதில்லை. அம்மா சந்தைக்குக் காய் கொண்டுபோகும் நாளாம், தம்பியை இவள் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். டீச்சருக்கே தெரியாது. செவ்வாய் சாயங்காலம் நோட்டை எடுத்துக்கொண்டு சைக்கிளில் போகிறாள். போன தடவை இரண்டு வெண்டைக்காய்க் கட்டோடு திரும்பி வந்தாள்.

முகாமுக்கு அனுப்பவில்லை. எல்.கே.ஜி. தோழி இன்னும் பேசவில்லை. திங்கள் வயிற்றுவலி இந்த மூன்று வாரத்தில் ஒரு தடவை வந்தது. “வலிக்குதுன்னு தெரியுது” என்று மட்டும் சொன்னேன். எட்டரைக்குத் தானாகக் கிளம்பிவிட்டாள். மெஷினைப் பத்தரைக்கு மூடுகிறேன், தீபாவளி வாரம் தவிர.

ஹூக் வைக்கக் கொடுத்தேன். முதல் நாள் ஐந்து ஹூக்கையும் வளையம் வர வேண்டிய பக்கத்தில் வைத்துத் தந்தாள். நானும் பார்க்காமல் மடித்துக் கொடுத்துவிட்டேன். அந்த அக்கா திரும்பி வந்து, “என்னடி, எனக்கு மட்டும் இடது கைக்காரி ஜாக்கெட்டா?” என்று கேட்டார்கள். இரண்டு பேரும் சிரித்துச் சிரித்துப் பிரித்தோம். அப்படிப் பிரித்துக்கொண்டிருக்கும்போதுதான் தண்ணீர்க் குழாய்க் கதையை முழுசாகச் சொன்னாள். சிறுவாணி மேடம், நான் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை, சத்தியமாக.

வாத்தியார் ஐயாவிடம் ஒன்று கேட்கச் சொன்னாள். அந்த டார்ச் அண்ணன் இப்போது என்ன செய்கிறார்?

---

பழைய பி.டி. வாத்தியார்:

தெரியவில்லை அம்மா. பிளஸ் டூ முடித்துத் திருப்பூர்ப் பக்கம் போனதாகக் கேள்வி. டார்ச்சும் எனக்குத் திரும்பி வரவில்லை.